மாட்டுச் சந்தையில் எண்ணூறு பேர்

சகினாலி எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பிஷ்கெக் நகரத்தின் வடக்கு ஓரத்தில், சாரி-கஷத் குடியிருப்பில், அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு மண்சுவர்தான். அவர் இருமினால் என் கணவர் இங்கிருந்து "தேன் போட்டு டீ குடிங்க பைக்கே" என்று சொல்வார். அத்தனை நெருக்கம். எங்கள் ஊரில் 'பைக்கே' என்றால் அண்ணன்.

இங்கே வருவதற்கு முன்னால் மலைக்கணவாயில் ஒரு வானிலை நிலையத்தில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே போய், வெப்பமானியைப் பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் உத்தேசமாக எழுதியதில்லை. ஒருநாள் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது மனைவி புருல்சா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மைனஸ் இருபது இருக்கும்" என்றாளாம். "இருக்கும்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு பனியில் இறங்கிப் போயிருக்கிறார். பத்தொன்பது புள்ளி நாலு. இந்தக் கதையைப் புருல்சா எப்போது சொன்னாலும், கடைசியில் "அந்தப் புள்ளி ஆறுக்காக என் புருஷனைச் சாகக் கொடுத்திருப்பேன்" என்று முடிப்பாள்.

பிறகு அந்த நிலையத்துக்கு ஒரு பெட்டி வந்தது. குளிர்சாதனப் பெட்டி அளவுதான் இருக்கும். தானே பார்த்து, தானே அனுப்பிவிடும். சகினாலியைக் கீழே அனுப்பிவிட்டார்கள். நகரத்தில் செங்கல் தூக்கினார், ஒரு கிடங்குக்குக் காவல் இருந்தார். ஐம்பத்திரண்டாவது வயதில், நகரத்தின் புதிய தரவு மையம் ஆள் எடுக்கிறது என்று புருல்சா கைபேசியில் பார்த்துச் சொன்னாள். பேருந்துப் பயணிகளை எண்ண வேண்டுமாம்.

"இதுக்குன்னே பொறந்தவர்ங்க நீங்க. போங்க" என்று அனுப்பினாள்.

மையத்தின் தலைவர் எர்மெக் என்று ஒருத்தர், முப்பத்தைந்து வயது இருக்கும். வெளிநாட்டில் படித்தவர். கெட்டவர் இல்லை, இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நகரத்தில் யாருக்குப் பேருந்து தேவை என்பதை இனிமேல் அதிகாரிகளின் மச்சான்கள் தீர்மானிக்கக் கூடாது, எண்கள்தான் தீர்மானிக்க வேண்டும் என்று உண்மையாகவே நம்பினார். எண்ண வந்த அறுபது பேருக்கும் ஆளுக்கொரு கைக்கணினி கொடுத்தார். திரையில் இரண்டே கட்டம்: ஏறியவர்கள், இறங்கியவர்கள். சீட்டுக் குலுக்கியதில் சகினாலிக்கு விழுந்தது எங்கள் சாரி-கஷத் நிறுத்தம்.

நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நம்ம ஆள் எண்ணுகிறார், இனி கவலையில்லை என்று நினைத்தோம்.

எங்கள் பேருந்து எப்படி என்றால், அது கடைக்கோடியில் மாட்டுச் சந்தையில் கிளம்பும். சந்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாளில் அங்கே ஒரு காவலாளி, ஒரு நாய், காய்ந்த சாணம். அடுத்தது மேட்டுக் குடியிருப்பு. அங்கேயே வண்டி நிரம்பிவிடும். எங்கள் நிறுத்தத்துக்கு வரும்போது கதவுக் கண்ணாடியில் கன்னங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார். ஒவ்வொரு காலையும் நூற்றைம்பது பேர் நின்று, அந்தக் கன்னங்களை வழியனுப்பிவிட்டு, பெரிய சாலைக்கு மூன்று கிலோமீட்டர் நடப்போம். நான் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வருஷத்தில் பாதி நாள் நடந்தேதான் போயிருக்கிறேன்.

ஜனவரியில் நான்கு நாள் சகினாலி அங்கே நின்று எண்ணினார். முதல் நாள் காலையில் ஏறியவர்கள் ஏழு பேர். இரண்டாம் நாள் மூன்று. மூன்றாம் நாள் யாருமில்லை. அன்று மாலையே அவர் எர்மெக்கைப் பார்க்கப் போனார்.

"ஐயா, இன்னொரு கட்டம் வேணும்."

"என்ன கட்டம் பைக்கே?"

"ஏற முடியாதவங்கன்னு. இன்னைக்கு நூத்து நாப்பத்தாறு பேர். நான் தனியா காகிதத்துல எழுதி வச்சிருக்கேன்."

எர்மெக் அந்தக் காகிதத்தை மரியாதையாக வாங்கிப் பார்த்தாராம். "பைக்கே, நாம எண்றது பயணிகளை. பஸ்ல ஏறினாத்தான் பயணி. ஏறாதவர் வெறும் ஆள். தெருவுல நிக்கிற ஆளையெல்லாம் எண்ணினா அது போக்குவரத்துக் கணக்கு இல்ல, மக்கள்தொகைக் கணக்கு. அது வேற துறை."

"அவங்க பஸ்ஸுக்காகத்தான் நிக்கிறாங்க."

"அது உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? சும்மாகூட நிக்கலாமில்ல?"

மைனஸ் பதினெட்டில், விடிவதற்கு முன்னால், நூற்று நாற்பத்தாறு பேர் சும்மா நிற்பார்களா என்று சகினாலி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதிகாரிகளிடம் வாதாடிப் பழக்கமில்லாதவர். நான்காம் நாள் ஐந்து பேர் ஏறினார்கள். ஐந்து என்று போட்டார்.

மார்ச்சில் எங்கள் நிறுத்தத்தைத் தூக்கிவிட்டார்கள். கம்பத்தில் தொங்கவிட்டிருந்த அறிவிப்பில், தேவை இல்லாத நிறுத்தங்களை நீக்கியதால் பயண நேரம் நான்கு நிமிடம் குறைகிறது என்று போட்டிருந்தது. கீழே ஒரு வரைபடம். எங்கள் குடியிருப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சையாக ஒன்றுமில்லாத இடம். பார்க்க அழகாக இருந்தது.

எல்லோருடைய கோபமும் ஒரே ஆள்மேல்தான் விழுந்தது. ஜெய்னெப் எஜே, அதாவது ஜெய்னெப் அக்கா, நகரத்தில் ஒரு உணவகத்தில் சமைக்கிறவள். ஆறு மணிக்கு அடுப்பு மூட்டியாக வேண்டும். அவள் வாய்க்கு நாங்கள் எல்லோரும் பயப்படுவோம். சகினாலி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏன்யா, உனக்குக் கண்ணு தெரியாதா? நாங்க நூத்தைம்பது பேர் உன் முன்னாடிதானே நின்னோம்? நான் உனக்கு டீகூடக் கொண்டு வந்து கொடுத்தேனே!"

"பார்த்தேன் எஜே. காகிதத்துல எழுதினேன்."

"காகிதத்துல எழுதி என்ன புண்ணியம்? அந்தப் பலகையில ஒரு அம்பது, நூறுன்னு தட்டியிருந்தா உன் விரல் உடைஞ்சு போயிருக்குமா?"

"ஏறினது அஞ்சு பேர். நூறுன்னு எப்படிப் போட முடியும்?"

"யோக்கியன் வந்துட்டான்! இந்த யோக்கியனை வச்சுக்கிட்டு எப்படிம்மா குடும்பம் நடத்துறே?" என்று புருல்சாவைப் பார்த்துக் கேட்டாள்.

"பழகிப்போச்சு எஜே. உள்ளே வாங்க, சூப் இருக்கு" என்றாள் புருல்சா.

ஜெய்னெப் எஜே உள்ளே போய் இரண்டு கிண்ணம் குடித்தாள். ஆனால் திட்டுவதை நிறுத்தவில்லை. அன்றிலிருந்து தெருவில் பிள்ளைகள் சகினாலியைப் 'பூஜ்ய பைக்கே' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் திரும்பிப் பார்ப்பார், தலையசைப்பார். என்ன இருந்தாலும் அதுவும் உண்மைதானே என்று நினைத்தாரோ என்னவோ. அந்த வசந்த காலம் முழுக்க அவர் யார் வீட்டு விருந்துக்கும் போகவில்லை. சாயங்காலங்களில் மண்சுவருக்கு அந்தப் பக்கம் விறகு பிளக்கிற சத்தம் மட்டும் கேட்கும். தேவைக்கு மேலேயே பிளந்தார்.

வழி கண்டுபிடித்தவள் புருல்சா. அவள் தையல் கூடத்தில் வேலை. துண்டுத் துணியில் சட்டை வெட்டத் தெரிந்தவள்.

"நிறைஞ்சு வர்ற பஸ்லதானே ஏற முடியல? காலியாப் போற பஸ்ல ஏறலாம்ல?" என்றாள் ஒருநாள்.

நகரத்திலிருந்து மாட்டுச் சந்தைக்குப் போகிற வண்டி காலையில் காலியாகத்தான் போகும். ஒரு கிலோமீட்டர் நடந்து பக்கத்து நிறுத்தத்தில் அதைப் பிடித்து, நேர் எதிர்த் திசையில் சந்தைக்குப் போய், அங்கே இறங்கி, மறுபடி அதே வண்டியில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி ஏறினால் பயண அட்டையில் காசு பிடிக்காது. முதல் நாள் புருல்சாவும் நானும் இன்னும் நாலு பேரும் போனோம். எத்தனையோ வருஷம் கழித்து ஜன்னலோரம் உட்கார்ந்து வேலைக்குப் போனேன். வழியில் மேட்டுக் குடியிருப்பில் நின்றவர்கள் எங்களை முறைத்தார்கள்.

ஒரு வாரத்தில் எங்கள் குடியிருப்பே சந்தைக்குப் போய் ஏற ஆரம்பித்தது. வண்டி அங்கேயே நிரம்பியது. இப்போது மேட்டுக் குடியிருப்பில் இருக்கிறவர்களுக்கு இடமில்லை. அவர்கள் மட்டும் முட்டாள்களா? அவர்களும் எதிர்த் திசையில் ஏறிச் சந்தைக்கு வந்தார்கள். மே மாதத்தில், விடியும் நேரத்தில், ஒரு மாடும் இல்லாத மாட்டுச் சந்தையில் எண்ணூறு பேர் இறங்கினோம், எண்ணூறு பேர் ஏறினோம். காவலாளி டீ விற்க ஆரம்பித்தான். நாய் கொழுத்துவிட்டது.

தரவு மையத்தில் இதைப் பார்த்தார்கள். எந்த அட்டை எங்கே ஏறி எங்கே இறங்கியது என்ற விவரம் கட்டணம் வாங்குகிற நிறுவனத்திடம் இருந்தது. அது மக்களின் சொந்த விஷயம் என்று அட்டை எண்களை மறைத்து, நிறுத்தவாரியாகக் கூட்டுத்தொகையை மட்டும் கொடுப்பார்கள். அதனால் எர்மெக் பார்த்தது இதுதான்: தினமும் காலையில் எண்ணூறு பேர் மாட்டுச் சந்தைக்குப் போகிறார்கள். அதே நேரத்தில் எண்ணூறு பேர் மாட்டுச் சந்தையிலிருந்து கிளம்புகிறார்கள்.

இதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும். பகல் ஷிஃப்ட் உள்ளே போகிறது, இரவு ஷிஃப்ட் வெளியே வருகிறது.

ஜூனில் தொழிலாளர் நலத்துறையிலிருந்து ஒருத்தர் பெட்டியோடு வந்தார். சந்தையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கடைசியில் வரிசையில் நின்ற ஜெய்னெப் எஜேயிடம் வந்து, "அம்மா, தொழிற்சாலை எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

"என்ன தொழிற்சாலை?"

"ஆயிரத்து அறுநூறு பேர் வேலை செய்ற இடம். பதிவு பண்ணாம நடத்துறாங்க. பயப்படாதீங்க, உங்க பேர் வெளியே வராது."

ஜெய்னெப் எஜே காவலாளியைக் காட்டினாள். "அதோ நிக்கிறாரே, அவர்தான் இயக்குநர். நாய் துணை இயக்குநர். எதுவானாலும் அதுகிட்ட கேளுங்க, அதுதான் கொஞ்சம் நேர்மையானது."

அவர் அதையும் எழுதிக்கொண்டு போனார் என்றுதான் நினைக்கிறேன். தொழிற்சாலை கண்ணில் படவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகிவிடுமா? மையத்தில் சந்தேகம் வந்து, நேரில் எண்ணிச் சரிபார்க்க முடிவு செய்தார்கள். யாரை அனுப்புவது? ஜனவரியில் எண்ணியவர்களிலேயே ஒரு பிழையும் இல்லாதவர் ஒருத்தர்தான். எர்மெக் சகினாலியைக் கூப்பிட்டார்.

இந்தத் தடவை நாங்கள் எல்லோரும் அவர் வீட்டில் கூடிவிட்டோம். நகரம் சந்தைக்குப் பேருந்துகளை அதிகமாக்கப் போகிறது, தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக அங்கே ஒரு மழலையர் பள்ளி கட்டலாமா என்று யோசிக்கிறது என்று பேச்சு வந்திருந்தது. பத்து வருஷமாக நாங்கள் மனுப்போட்டுக் கேட்கிற பள்ளி அது. எங்கள் பெண்கள் பிள்ளையைப் பூட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள்.

"சகினாலி, உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன். வாயைத் திறந்துடாதே" என்றாள் ஜெய்னெப் எஜே.

"எண்ணச் சொல்லியிருக்காங்க. எண்ணுவேன்" என்றார் அவர்.

எண்ணினார். மூன்று நாள். இறங்கியவர்கள் எண்ணூற்றுப் பதினொன்று, ஏறியவர்கள் எண்ணூற்றுப் பதினொன்று. ஒரு தலை கூடவில்லை, குறையவில்லை. ஜனவரியில் அவர் கட்டம் கேட்டது எர்மெக்கின் மனதில் இருந்திருக்கிறது. திரையில் 'குறிப்பு' என்று சின்னதாக ஒரு இடம் வைத்திருந்தார். சகினாலி அதில், "இரண்டும் ஒன்றே" என்று எழுதினார். அதற்குமேல் எழுத இடமில்லை. மையத்தில் அதைப் படித்தவர்கள், இரண்டு எண்ணும் சமமாக இருக்கிறது, வேலைவாய்ப்பு நிலையாக இருக்கிறது என்று புரிந்துகொண்டார்கள்.

பள்ளிக்கு ஒப்புதல் வந்துவிட்டது. தெருவே கொண்டாடியது. யாரும் அவரைப் பூஜ்யம் என்று கூப்பிடவில்லை. ஜெய்னெப் எஜே ஒரு தட்டு நிறைய சம்சா கொண்டுவந்து வைத்தாள். சகினாலி ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டவர், மென்றுகொண்டே இருந்தார். விழுங்கவில்லை.

"என்னங்க, காரமா?" என்றாள் புருல்சா.

"அவங்க தப்பாப் படிச்சிருக்காங்க."

"படிச்சவங்க தப்பு. உங்களுக்கென்ன?"

"எழுதினது நான்."

மறுநாள் மையத்துக்குப் போனார். புருல்சா தடுக்கவில்லை, நல்ல சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அங்கே நடந்ததை அவளிடம் அவர் சொல்லி, அவள் என்னிடம் சொன்னது இது.

எர்மெக் கடைசிவரை கேட்டாராம். பிறகு காகிதத்தில் கோடு போட்டு, எங்கள் குடியிருப்பு, மேடு, சந்தை என்று புள்ளி வைத்து, அம்புக்குறியை அந்தப் பக்கம் ஒரு தடவை, இந்தப் பக்கம் ஒரு தடவை வரைந்து பார்த்தார்.

"அப்ப அந்த எண்ணூறு பேரும்..."

"நாங்கதான்."

"தொழிற்சாலை?"

"ஒரு நாய் இருக்கு."

எர்மெக் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "பைக்கே, இதை நான் மேலே எழுதினா பள்ளிக்கூடம் போயிடும். கூடுதல் பஸ்ஸும் போயிடும். எழுதலைன்னா உங்க எண்ணிக்கை அப்படியே நிக்கும். அதுல பொய் ஒண்ணும் இல்ல. நீங்களே சொல்லுங்க, எழுதட்டுமா?" என்று கேட்டார்.

ஜெய்னெப் எஜேயின் முகம், பூட்டிய வீட்டு ஜன்னலில் நிற்கிற பிள்ளைகள், எல்லாம் சகினாலியின் மனதில் வந்து போயிருக்கின்றன. பத்தொன்பது வருஷத்தில் ஒரு வெப்பமானியும் அவரிடம் இப்படி யோசனை கேட்டதில்லை.

"எழுதுங்க. ஆனா பள்ளிக்கூடம் வேணும்னும் எழுதுங்க. அதுக்கும் நான் ஆள் எண்ணித் தரேன்" என்றார்.

எர்மெக் எழுதினார். நேர்மையாக, ஒளிக்காமல், தன் தவறு என்று ஒப்புக்கொண்டே எழுதினார். மேலிடத்தில் அதைப் படித்துவிட்டு, அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது, திட்டத்தைத் திருத்தினால் வரவுசெலவைத் திருத்த வேண்டும், வரவுசெலவைத் திருத்தினால் போன வருஷ அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று சொல்லி, அந்தக் கடிதத்தை ஒன்பதாவது பின்னிணைப்பாகச் சேர்த்துவிட்டார்கள். எர்மெக்கைத் தண்டிக்கவில்லை. மறைந்திருந்த தொழில் மையத்தைத் தரவின் மூலம் கண்டுபிடித்ததற்காக ஏற்கனவே அவரைப் பாராட்டி ஒரு கேடயம் கொடுத்திருந்தார்கள். அதைத் திரும்ப வாங்குவதற்கு விதிமுறை இல்லை.

சகினாலி வீடு திரும்பி, நடந்ததை வாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னார். யாரும் அவரைத் திட்டவில்லை, ஆச்சரியம்தான். ஜெய்னெப் எஜே மட்டும், "சொல்லிட்டியா? சரி. இனிமே நிம்மதியாத் தூங்கு. நாங்க எல்லாம் முழிச்சிருக்கோம்" என்றாள். இரண்டு மாதம் முழித்திருந்தோம். யாரும் வந்து வேலையை நிறுத்தவில்லை. சுவர் எழும்பிக்கொண்டே இருந்தது.

அடுத்த செப்டம்பரில் பள்ளி திறந்தது. நூற்று இருபது பிள்ளைகளுக்கு இடம். ஷிஃப்ட் தொழிலாளர்களுக்காகக் காலை ஆறு மணிக்கே திறந்துவிடும்; எங்கள் பெண்களுக்குத் தேவைப்பட்ட நேரம் சரியாக அதுதான். நகரத்தில் வேறெங்கும் எட்டுக்கு முன்னால் எந்த மழலையர் பள்ளியும் திறப்பதில்லை. எப்படியும் சந்தைக்குப் போய்த்தானே வண்டி ஏறுகிறோம், போகும்போது பிள்ளையையும் விட்டுவிடலாம். நிறுத்தத்துக்குக் கண்ணாடிச் சுவரும், வெந்நீர்க் குழாய் ஓடுகிற இருக்கையும் போட்டார்கள். பேருந்தில் ஒரு பெண் குரல், "அடுத்த நிறுத்தம், தொழில் வளாகம்" என்கிறது. மேட்டுக் குடியிருப்பில் இரண்டு பேர் வீட்டை விற்றுவிட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் மனை வாங்கியிருக்கிறார்கள்.

திறப்பு விழாவுக்கு ஒரு அதிகாரி வந்தார். ஜெய்னெப் எஜே முந்தின நாள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, மூன்று சாக்கு மாவில் போர்சோக் பொரித்து வைத்திருந்தாள். அதிகாரி ரிப்பனை வெட்டிவிட்டுப் பேசினார். நகரம் உறங்கும்போது உழைக்கிறவர்களுக்கு நகரம் கடன்பட்டிருக்கிறது என்றார்.

"இங்கே இருக்கிற ராத்திரி ஷிஃப்ட் தொழிலாளர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்க. உங்களை நாங்க பார்க்கணும்."

ஒரு கையும் எழவில்லை. எர்மெக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது ஜெய்னெப் எஜே, "நேத்து ராத்திரி நான் கண்ணே மூடலியே" என்று கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்துப் பிள்ளை அழுது தூங்காத ஒருத்தி தூக்கினாள். பிறகு இங்கேயும் அங்கேயுமாக நிறையக் கைகள். நானும் தூக்கினேன், எனக்குப் பல்வலி. அதிகாரிக்குக் கண்கலங்கிவிட்டது.

சகினாலி தூக்கவில்லை. முன்வரிசையில் நின்றதால் அதிகாரியின் கண்ணில் பட்டுவிட்டார்.

"நீங்க எந்த ஷிஃப்ட் பைக்கே?"

"நான் ஷிஃப்ட் இல்லீங்க. எண்றவன்."

அதிகாரி சிரித்தார். "அப்படியா! சரி, எத்தனை பேர் கையைத் தூக்கினாங்க, சொல்லுங்க பார்ப்போம்."

"அறுபத்து மூணு கை" என்றார் சகினாலி. "ஆனா ஜெய்னெப் எஜே ரெண்டு கையையும் தூக்கிட்டாங்க. அதனால அறுபத்திரண்டு பேர்."

பக்கத்தில் நின்ற உதவியாளர் அறுபத்து மூன்று என்று எழுதிக்கொண்டார். சகினாலி அந்த நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, அவர் தோளைத் தொட்டு, ஏதோ சொல்ல ஆரம்பித்தார். புருல்சா ஒரு போர்சோக்கை எடுத்து அவர் வாயில் திணித்தாள்.